ஏழு மணிக்கு முன் ஐஸ் இல்லை

காலை ஆறு மணிக்கே கார்குழலி கேட்டில் தொங்கும் பலகையில் சாக்பீஸால் எழுதிவிட்டாள்: ஏழு மணிக்கு முன் ஐஸ் இல்லை. கொட்டை எழுத்தில், அடியில் இரண்டு கோடும் போட்டு. எழுதி என்ன பிரயோஜனம்? படித்தவன் ஒருத்தன்கூட நம்பவில்லை.

அவள் அந்த ராயபுரம் ஐஸ் ஃபேக்டரியின் மேனேஜர். பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மேஜை, லொடலொட என்று ஒரு ஃபேன், ஓயாமல் அடிக்கும் ஒரு போன், அவ்வளவுதான். ஆனால் தொட்டியிலிருந்து டின்னை எப்போது தூக்கலாம் என்று சொல்லும் அதிகாரம் அவளுக்கு மட்டும்தான். உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிய டின்னில் தண்ணீர் ஓரத்திலிருந்துதான் உறைந்துகொண்டு வரும். நடு வயிறு கடைசியில்தான் இறுகும். இரண்டு நாள் பொறுக்க வேண்டும். முந்தின நாள் கரண்ட் போய் ஏழு மணி நேரம் வீணாகிவிட்டது. அதனால்தான் சாயங்காலம் ஏழு மணி என்று பலகை.

அன்றைக்கென்று பார்த்து மீன்பிடித் தடைக்காலத்தின் கடைசி நாள். இரண்டு மாதம் கட்டிக்கிடந்த விசைப்படகெல்லாம் நடுராத்திரி கடலுக்குப் போக வேண்டும். ஏழு மணிக்கு ஐஸ் கொடுத்தாலும் தாராளமாக ஏற்றலாம். ஆனால் இவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டே! சாயங்காலம் படகுக்குப் பூசை போட்டுப் பூசணிக்காய் உடைத்துவிட்டால், அதன் பிறகு படகில் ஒரு துரும்பையும் ஏற்ற மாட்டார்கள். ஆகவே எல்லாருக்கும் நாலு மணிக்குள் ஐஸ் வேண்டும்.

விடிந்ததிலிருந்து ஆளாளுக்கு யோசனைதான். தொட்டியில் இன்னும் ரெண்டு மூட்டை உப்பைக் கொட்டச் சொன்னார் பெங்களூரிலிருந்து முதலாளியின் மருமகன். ஐஸைத் தொட்டுப் பார்த்திருப்பாரா அந்த மனுஷன்? "அடுத்த தெரு ஃபேக்டரிக்காரன் தூக்கிட்டானாமே" என்றார் முதலாளி. படகுக்காரர் சங்கத்து ஆள் வந்து அரை மணி நேரம் கத்திவிட்டு, கத்தின களைப்புக்கு அவள் டீயையே குடித்துவிட்டுப் போனார். எல்லாருக்கும் அவள் சொன்னது ஒன்றுதான்: "ஏழு மணி."

பகல் ஒரு மணிக்கு அவள் அண்ணன் ஜெகதீசன் வந்தான். சொந்தப் படகு வைத்திருப்பவன்.

"இன்னா குழலி, கூடப் பொறந்தவனுக்குமா போர்டு மாட்டிக்கினு கீற?"

"நடுவுல தண்ணியாத்தான் கீது ண்ணா. வேணாம்."

"அத்த நான் பாத்துக்கறேன். நீ தூக்கு."

"மாட்டேன்."

அவன் கேட்டை எட்டி உதைத்துவிட்டுப் போனான். அவளுக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. இத்தனை பேர் வாயையும் அடைக்கிற தெம்பு எவளுக்கு இருக்கிறது? ஆனாலும் அசையவில்லை. அதுவரை அசையவில்லை.

இரண்டு மணிக்கு அண்ணி வரலட்சுமி தூக்குச்சட்டியோடு வந்தாள். கருவாட்டுக் குழம்பும் சோறும். ஐஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "துன்னு மொதல்ல, மூஞ்சியப் பாரு" என்று தட்டில் போட்டாள். கார்குழலி சாப்பிட்டாள். காலையிலிருந்து அவளிடம் எதுவும் கேட்காத முதல் ஆள் அண்ணிதான். அந்த நினைப்பிலேயே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

சட்டியைக் கழுவிக்கொண்டே அண்ணி சொன்னாள்: "ரெண்டு மாசமா உங்கண்ணன் வூட்லயே குந்திகினு கெடந்தாரு. இன்னிக்குக் காலீலதான் சிரிச்சாரு." அவ்வளவுதான், போய்விட்டாள்.

கார்குழலி எழுந்து மிஷின்காரர் அப்பாவுவிடம் போனாள்.

"மூணாவது வரிசையத் தூக்குங்க."

"மேடம், உள்ள இன்னும் தண்ணிதான்..."

"தூக்குங்கன்றேன்ல!"

நொறுக்கும் மிஷினில் போட்டதும் ஒவ்வொரு ஐஸ் பாரின் வயிற்றிலிருந்தும் தண்ணீர் கொடகொடவென்று ஊற்றியது. ஆள் அனுப்பியதும் வந்துவிட்ட ஜெகதீசன் பார்த்துக்கொண்டுதான் நின்றான். "பரவால்ல, ஏத்து" என்றான். அண்ணனுக்குக் கொடுத்த பிறகு மற்றவர்களிடம் இல்லை என்று எந்த வாயால் சொல்வது? பலகையை அவளே உள்ளங்கையால் அழித்தாள். நாலு மணிக்குள் தொட்டி காலி. போனும் அடங்கிவிட்டது. அப்பாடா என்றுதான் இருந்தது அவளுக்கு. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது என்பாள்.

எட்டாம் நாள் விடியலில் ஜெகதீசனின் படகு திரும்பியது. கார்குழலி துறைமுகத்துக்கு ஓடினாள். படகின் மீன் அறை மூடியைத் திறக்கும்போதே வாடை முகத்தில் அடித்தது. மேலே கடைசியாகப் பிடித்த இரண்டு அடுக்கு மீன் தேறும். அதற்குக் கீழே ஐஸ் என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை. சங்கரா, வவ்வால், பெரிய பெரிய வஞ்சிரம் எல்லாம் தொட்டால் விரல் உள்ளே போகிற மாதிரி குழைந்து கிடந்தன. கோழித்தீவனத்துக்குத்தான் போகும். வரலட்சுமி தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கார்குழலியிடம் பதில் தயாராக இருந்தது. வேண்டாம் என்றேனே, கேட்டை உதைத்தது யார், தண்ணீர் ஊற்றியதைப் பார்த்துக்கொண்டு நின்றது யார்? வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தாள்.

ஜெகதீசன் திட்டவில்லை. தூங்காத கண்ணோடு அவளைப் பார்த்தான்.

"நாங்க கேப்போம் குழலி. தொயில் செய்றவன் கேக்கத்தான் செய்வான். இல்லன்னு சொல்றதுக்குத்தான உன்னிய அங்க குந்த வெச்சிகீது?"

கையிலிருந்த போன் அடித்தது. பெங்களூர் மருமகன். கட் செய்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு கீழே கிடந்த கூடையை எடுத்துக்கொண்டு, அண்ணனோடு சேர்ந்து கெட்ட மீனை அள்ள ஆரம்பித்தாள்.