டேரனின் கையில் இருந்தது

டேரனைப் புதைத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அவனுடைய அண்ணன் ரஸ், அமெரிக்காவின் மொண்டானாவில் ஒரு மேட்டுப் புல்லில் குப்புறப் படுத்து, கீழே வெண்டல் பிர்ச்சின் மாட்டுப்பட்டியை நோக்கித் துப்பாக்கியைக் குறிவைத்திருந்தான். பக்கத்தில் அக்கா லோர்னா. தம்பியைத் தனியாக அனுப்ப மனமில்லை என்று சொல்லிக்கொண்டு கூட வந்தவள்.

வேலித் தகராறில் டேரனைச் சுட்டவர் வெண்டல். "அவன்தான் முதல்ல சுட்டான்" என்று ஊர்க் காவல் அதிகாரியான ஷெரீப்பிடம் சொன்னார். பிணத்தருகே துப்பாக்கி எதுவும் கிடைக்கவில்லை. ஊரே அவரைப் பொய்யன் என்றது. ஜாமீனில் வந்தவருக்குக் கடைத்தெருவில் ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. மனைவியும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

துப்பாக்கி இருந்தது. சத்தம் கேட்டு முதலில் ஓடியவள் லோர்னா. வெண்டல் போனுக்கு சிக்னல் தேடி மேட்டுக்கு ஓடிய நேரத்தில், தம்பியின் விரல்களைப் பிரித்து அதை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள். விரல்களில் இன்னும் சூடு இருந்தது. செத்தவனுக்குக் கெட்ட பெயர் வேண்டாம் என்பதைத் தவிர அப்போது அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

வெண்டல் புல்கட்டோடு வெளியே வந்தார். ரஸ் மூச்சை அடக்கினான்.

லோர்னா எழுந்து துப்பாக்கிக்கு முன்னால் நின்றாள்.

"பைத்தியமா உனக்கு? தள்ளுக்கா!"

"டேரன்தான்டா முதல்ல சுட்டான். துப்பாக்கிய எடுத்தது நான்."

"அந்தாளக் காப்பாத்தப் புளுகாத."

"அப்பாவோட பழைய ரிவால்வர். குதிரைத் தீவன டப்பாக்குள்ள கெடக்கு. ரெண்டு குண்டு குறையுது. போய்ப் பாரு."

ரஸ் அவளையே வெறித்தான். "பதினோரு நாளா என் எதிர்ல உக்காந்து சாப்பிட்ட. அந்தாளக் கொல்லப்போறேன்னு சொன்னப்பகூட வாயத் தொறக்கல."

"தொறக்க முடியலடா."

"ஒரு நிமிஷம் கழிச்சுச் சொல்லியிருந்தா நான் ஜெயிலுக்குப் போயிருப்பேன். அப்புறம் உனக்கு எந்தத் தம்பி மிச்சம்?"

குண்டுகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டான்.

லோர்னா இறங்கிப் போய் வெண்டலிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் புல்கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஷெரீப்கிட்ட சொல்லுவியா?"

"இப்பவே சொல்றேன்."

"என் பொண்டாட்டிகிட்டயும் நீயே சொல்லிரும்மா. நான் சொன்னா நம்ப மாட்டா." புல்கட்டில் கையூன்றி எழுந்தார். "இருந்தாலும் அந்தப் பையனக் கொன்னவன் நான்தான். அது எங்கயும் போகாது."

அவருடைய வண்டியிலேயே இருவரும் ஷெரீப் அலுவலகத்துக்குப் போனார்கள். வெண்டல்மீதான வழக்கு கைவிடப்பட்டது. சாட்சியத்தை மறைத்ததற்காக லோர்னாமீது வழக்கு வந்தது.

தீர்ப்பு நாளன்று ரஸ் நீதிமன்றத்துக்கு வந்தான். வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு, வெண்டலின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவன் உட்கார வேண்டிய இடம் அதுதான் என்று லோர்னாவுக்கும் பட்டது. ஆனாலும், நீதிபதி எட்டு மாதம் என்று வாசித்தபோது, அவள் திரும்பி அவன் முகத்தைத்தான் தேடினாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.