தொட்டிலில் கேட்ட மொழி

1951இல் ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்த வாத்தியார், ஓசூர்த் தேர்ப்பேட்டையில் நஞ்சம்மாவின் வாசலில் நின்று அவளுடைய தாய்மொழியைக் கேட்டார்.

“தமிழ்னு போடுங்க சாமி, ஊட்ல அதான் பேசறோம்,” என்றான் அவள் புருஷன் ஆஞ்சப்பன்.

“அதில்லப்பா. தொட்டில்ல கெடக்கறப்ப அம்மா பேசுனது.”

மைசூர்ச் சீமை ஆனேக்கல்லிலிருந்து வாழ வந்த நஞ்சம்மாவின் அம்மா கன்னடக்காரி, இவளைப் பெற்ற பிரசவத்திலேயே போய்விட்டாள். தொட்டிலை ஆட்டியவள் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரி வெங்கடம்மாள். கன்னடம் என்று சொன்னால் வளர்த்தவளுக்குத் துரோகம். தெலுங்கு என்றால் பெற்றவளுடையது என்று தன்னிடம் ஒன்றுமே மிஞ்சாது.

“சாயங்காலம் வாங்க, கேட்டுச் சொல்றேன்,” என்றாள்.

“யாரக் கேப்ப? கெணத்தயா?” என்று ஆஞ்சப்பன் சிரித்தான்.

மத்தியானம் ராகி மூட்டையில் சாய்ந்து கண்ணை மூடினாள். எப்போதும்போல அம்மா வந்தாள். நீருக்கடியில் தெரிவதுபோல முகம் கலங்கியிருந்தது. அம்மா பேசவில்லை, தலையைக் கோதிவிட்டாள். நஞ்சம்மாதான் பேசிக்கொண்டே இருந்தாள். களத்தில் பட்ட பாட்டையும் புருஷனின் கேலியையும் சொன்னாள். அம்மா தலையசைத்துக் கேட்டாள். கிணற்றுப் பேச்சு வந்ததும் சிரித்தாள்.

வாத்தியாரின் குரலில் விழித்தபோதுதான், இத்தனை வருஷமும் அம்மாவிடம் தெலுங்கில் பேசி வந்திருக்கிறோம் என்பது உறைத்தது.

“தெலுங்குன்னு எழுதுங்க சாமி,” என்றாள். “எங்கம்மாவுக்கு அது நல்லாப் புரியுது.”