பூட்டுக்குப் பின்னால் விரிந்த கோல்

ஹாக்கி கோல்கீப்பருக்கு நாற்பத்தொரு வயது முடிந்த மறுநாள், அவருக்குப் பின்னாலிருந்த கோல் இரண்டு விரற்கடை அகலமாகிவிட்டது. இதை முதலில் கண்டுபிடித்தது அவருடைய மட்டைதான். திரும்பிப் பார்க்காமலே மட்டையை நீட்டி, இடது கம்பத்தில் ஒரு தட்டு, வலது கம்பத்தில் ஒரு தட்டு தட்டித் தான் நிற்கும் இடத்தைத் தெரிந்துகொள்வது அவர் வழக்கம். அன்று வலது பக்கம் காற்றுதான் அகப்பட்டது. 'பூட்டு' என்று பேர் வாங்கிய மனுஷர் ஆடிப்போய்விட்டார். மைதானக்காரர் டேப் கொண்டுவந்து அளந்தார். பூட்டு களத்தில் இருக்கும்வரை பன்னிரண்டு அடியும் இரண்டு விரலும். தண்ணீர் குடிக்க வெளியே போனதும் அச்சாகப் பன்னிரண்டு அடி. "கம்பத்துல கோளாறு இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனார். விதிப்புத்தகத்தில் கோலின் அகலம் போட்டிருந்ததே தவிர, யார் நிற்கும்போது அளப்பது என்று போட்டிருக்கவில்லை. ஆகவே ஆட்டம் நடந்தது.

பதினோரு வருஷமாக மாற்று கோல்கீப்பராகப் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தவன் வேறு யாருமல்ல, பூட்டின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. கணவன் விழுந்தால்தான் தம்பி எழ முடியும். அவள் இருவருடைய கால்காப்புகளையும் ஒரே ஊசியால் தைத்துக்கொண்டிருந்தாள், பாவம். ஒருநாள் மனம் பொறுக்காமல், "அவன் நின்னா கோல் அப்படியே இருக்கு. விட்டுக் குடுத்துடுங்களேன்" என்றாள்.

"அங்க நிக்கலைன்னா நான் வேற எங்க போய் நிக்கிறது?" என்றார் அவர்.

முன்னால் ஏறி நின்றால் அடிக்கிறவன் கண்ணுக்குக் கோல் சின்னதாகிவிடும் என்பது கோல்கீப்பர்களின் பழைய கணக்கு. முதல் வருஷம் அவர் இரண்டு எட்டு முன்னால் வந்தார். கோலும் விடாமல் விரிந்தது. நாலாவது வருஷம் அது பதினாறு அடியானபோது அவர் நடுக்கோட்டிலேயே நின்றார். எதிரணிக்காரர்கள் போகிறபோக்கில் நலம் விசாரித்தார்கள். கடைசி ஆட்டத்துக்கு முன்னால், அவரைவிடச் சின்னவரான பயிற்சியாளர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "இன்னைக்கு ஒண்ணு உள்ள போனா இனிமே உங்க மச்சான்தான், அண்ணே. மனசுல வெச்சுக்காதீங்க." ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது ஒருவன் அவரைத் தாண்டிப் போய், கோலுக்கு அருகில் பந்தை நோகாமல் தள்ளிவிட்டான். பந்து பொடிநடையாகப் போனது. கால்காப்பு கனக்க அவர் அதன் பின்னாலேயே ஓடினார், எட்டவில்லை. அது வலது கம்பத்தை உரசிக்கொண்டு உள்ளே போனது. பன்னிரண்டு அடிக் கோலாக இருந்திருந்தால் வெளியேதான் போயிருக்கும். அவர் பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். கால்காப்பின் வார்களை மச்சான்தான் குனிந்து அவிழ்த்துவிட்டான்.

மச்சான் மூன்று வருஷம் பிரமாதமாக ஆடினான். கோல் அசையவில்லை. பூட்டு ஒரு ஆட்டத்தையும் பார்க்கப் போகவில்லை, ஜெயித்தார்களா என்றுகூடக் கேட்கவில்லை. அப்புறம் ஒரு சாயங்காலம் மச்சான் கால்காப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தான். முந்தினநாள்தான் அவனுக்கு நாற்பத்தொரு வயது முடிந்திருந்தது.

"எவ்ளோ?" என்று கேட்டார் பூட்டு.

"ரெண்டு விரல், மாமா."

"ரெண்டு எட்டு முன்னாடி வந்து நில்லு."

"அது சரிப்பட்டு வருமா?"

"வராது."

அக்கா கால்காப்பை வாங்கி மடியில் வைத்து, வார் பிய்ந்திருந்த இடத்தைத் தைக்க ஊசியில் நூல் கோத்தாள்.