எண்பத்து நான்கு கிலோ

வணக்கம். எல்லோரும் சுகமா? இருமல், சளி ஒன்றும் இல்லையே? போன முறை முழங்கால் வலிக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தேன், நிறையப் பேர் எழுதினீர்கள். முட்டைக்கோஸ் இலையைச் சுற்றிக் கட்டச் சொன்னவருக்குத் தனியாக நன்றி. வலி அப்படியேதான் இருக்கிறது, வீடுதான் ஒரு வாரம் சூப் மணத்தது. இன்றைக்கு முழங்கால் பேச்சு வேண்டாம். என் தம்பி வெண்டலின் எங்கள் குளியலறை எடை மெஷினில் ஏறி நின்ற புதன்கிழமையைச் சொல்கிறேன்.

மூன்று வருடம் ஆகிறது. மார்ச் முதல் வாரம். என் கணவர் எவால்ட் ஏதோ போல்ட் வாங்க ஆடெனாவுக்குப் போயிருந்தார். வெண்டலின் பின்கதவு வழியாக வந்தான். குளிர்காலம் முழுக்க பிரேமனில் மகள் வீட்டில் இருந்தான், போனில் பேசினால் பேரன் குறும்பைத் தவிர வேறு எதுவும் சொல்லமாட்டான். கதவைத் திறந்ததும் கட்டிக்கொண்டேன். முன்பெல்லாம் அவன் முதுகில் என் இரண்டு கைகளும் சந்திக்காது. அன்று சந்தித்தன, சந்தித்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

"எவால்ட் இல்லல்ல?" என்றான்.

"சாயங்காலம்தான் வருவாரு. நீ ஏன்டா இப்படி ஆயிட்ட?"

"மொதல்ல எடை மெஷின எடு. அப்புறம் திட்டிக்கலாம்."

ஜாக்கெட்டைக் கழற்றினான், அதற்குள் ஒரு ஸ்வெட்டர், அதற்குள் இன்னொன்று. காலுறையோடு ஏறி நின்று கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான்தான் குனிந்து படித்தேன். அறுபத்திரண்டு. போன மார்ச்சில் அவன் எடையை எழுதியதும் நான்தான், எண்பத்து நான்கு.

கணையம் என்றான். பிரேமனில் மகள் வீட்டில் இருந்ததைவிட ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள்தான் அதிகமாம். ஏப்ரலில் மறுபடி படுக்க வேண்டும். "இந்தத் தடவ என்ன ஆகும்னு கேட்டேன். அந்த டாக்டரம்மா பேனாவ மூடி மூடித் தொறந்தாங்க, அவ்வளவுதான்" என்றான். பிறகு ஸ்வெட்டர்களை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே, வந்த விஷயத்தைச் சொன்னான்.

"ஞாயித்துக்கெழம ரிங் தொறக்குறாங்க. ஒரு சுத்து ஓட்டணும் ஹெடி. ஒண்ணே ஒண்ணு. திங்கக்கெழம நானே எவால்ட்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடுறேன்."

"டாக்டர் ஓட்டலாம்னாங்களா?"

"நான் கேக்கல. நீயும் கேக்காத. அன்னைக்கு மாத்திர போடமாட்டேன், தலை தெளிவா இருக்கும். வலிச்சா வலிக்கட்டும்."

எங்கள் பட்டறையை அறியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவன் ஏன் என்னிடம் வந்து நின்றான் என்பது புரியாது. வீட்டுக்குப் பின்னால் எவால்ட் செய்வது ஒரே வேலைதான். ரிங் என்கிற எங்கள் ஊர்ப் பந்தயப் பாதையில் வேகமாக ஓட்டுகிற கார்களின் சக்கரங்களைச் சீராக அமைப்பது. எந்தச் சக்கரம் எவ்வளவு உள்ளே சாய வேண்டும், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், எது எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்று. காரின் இரண்டு பக்கமும் தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டி, அதிலிருந்து அரை மில்லிமீட்டர் வித்தியாசம்கூட இல்லாமல் அளப்பார். நான்கு சக்கரத்துக்கும் கீழே நான்கு தராசு. காலி காரை அளந்து பயனில்லை, ஓட்டுகிறவரின் பாரம் இருக்கையில் இருக்க வேண்டும். மூன்று மணி நேரம் எந்த மனிதன் அசையாமல் உட்காருவான்? அதனால் மணல் மூட்டைகள். பழைய கூடாரத் துணியில் நான் தைத்தவை. ஒவ்வொருவரின் எடையும் ஒரு அட்டையில் இருக்கும், அந்த எடைக்கு மூட்டை அடுக்கினால் அந்த ஆள் உட்கார்ந்த மாதிரி.

மார்ச் முதல் சனிக்கிழமை எல்லோரும் வந்து காலுறையோடு தராசில் ஏறுவார்கள். நான் எண்ணை உரக்கப் படிப்பேன், மற்றவர்கள் சிரிப்பார்கள். "கிறிஸ்துமஸுக்குத் தின்ன வாத்து இன்னும் எறங்கலயா?" என்று கேட்காத வருடம் இல்லை. அங்கே யாரும் பொய் சொல்வதில்லை. சொன்னால் வளைவில் கார் காட்டிக்கொடுத்துவிடும். எவால்டுக்கு இன்னொரு பிடிவாதம் உண்டு. ஒருமுறை கொலோனிலிருந்து வந்த பல் டாக்டர் காய்ச்சலோடு வந்து நின்றார். எவால்ட் அவர் கார் சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ரயிலில் அனுப்பிவிட்டார். "கார நான் நேராக்கித் தருவேன். ஆள நேராக்க எனக்குத் தெரியாது" என்றார். பத்து நாள் கழித்துத்தான் சாவி திரும்பியது.

வெண்டலினுக்கு இது தெரியும். அதனால்தான் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வராமல் வியாழக்கிழமையே வருவதாகச் சொல்லிவைத்திருந்தான். "நீ எடை போட்டதா சொல்லு. எண்பத்து நாலு. போன வருஷத்து எண்ணுதானே."

மாட்டேன் என்றுதான் சொன்னேன். நியாயமாக அதோடு விட்டிருக்க வேண்டும். அவன் சண்டை போடவில்லை. சமையலறையில் உட்கார்ந்து, காபியைத் தொடாமல், கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தான். மணிக்கட்டுக் கடிகாரம் வளையல்போல முழங்கை வரை இறங்கிப்போயிற்று. அதை மேலே தள்ளிவிட்டு, "சரி ஹெடி, விடு" என்றான். அந்த 'விடு'வை என்னால் தாங்க முடியவில்லை.

ஆனால் பொய் சொல்லுவது மட்டும் போதுமா? எண்பத்து நான்கு கிலோவுக்கு அமைத்த காரில் அறுபத்திரண்டு கிலோ ஆள் உட்கார்ந்தால், அது ஒரு கால் தரையில் படாத சாப்பாட்டு மேசை. பிரேக்கை அழுத்தும்போது ஒரு பக்கம் இழுக்கும். பலமுள்ள கை அதைப் பிடித்துக்கொள்ளும். அவன் கையைத்தான் இப்போது பார்த்தேனே.

அவன் போனதும் பட்டறைக்குப் போனேன். அவன் மூட்டைகள் ஐந்து. இருபது கிலோவில் நான்கு, நான்கு கிலோவில் ஒன்று. பெரிய நான்கின் தையலையும் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஐந்தரைக் கிலோ மணலை அள்ளி நெல்லிச் செடிகளின் அடியில் கொட்டினேன். தொளதொளவென்று ஆகிவிட்டதால் பழைய சோபாத் திண்டின் பஞ்சை உள்ளே திணித்தேன். கறுப்பு நூல் தீர்ந்துபோயிருந்தது, நீல நூலால் தைத்தேன். எவால்ட் ஊசி நூலையெல்லாம் எங்கே கவனிக்கப் போகிறார் என்று நினைத்தேன். முப்பது வருடமாக அந்த மூட்டைகளைத் தூக்கிவைக்கும் மனிதருக்குத் தோள் என்று ஒன்று உண்டு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்குப் பச்சை பி.எம்.டபிள்யூ வந்து நின்றது. அதை அவன் முப்பது வருடமாக வைத்திருந்தான், மனைவியைவிட அதிக நாள். எவால்ட் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"என்னடா, கன்னத்த பிரேமன்லயே விட்டுட்டு வந்துட்டியா?"

"பல்லு புடுங்குனேன். நாலு. சூப்புதான் ஓடுது."

"ஜாக்கெட் ரெண்டு ஆள் போடுற மாதிரி இருக்கு."

"மருமகனோடது. வடக்கத்திக்காரங்க எல்லாமே பெருசாத்தான் தைப்பாங்க. எடை ஹெடி நேத்தே போட்டுட்டா. கேளு."

எவால்ட் என்னைப் பார்த்தார். என் கையில் காபித் தட்டு இருந்தது. "எண்பத்து நாலு" என்றேன். நாற்பத்தொரு வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் தப்பான எண் அது. அவர் தலையாட்டிவிட்டுக் காரைத் தராசுகளின் மேல் ஏற்றினார்.

முதல் மூட்டையைத் தூக்கினார். இருபது கிலோவுக்குத் தயாரான கை சட்டென்று மார்புவரை ஏறிவிட்டது. அப்படியே நின்றார். மூட்டையைத் திருப்பினார். கட்டைவிரலால் நீலத் தையலை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவினார். வெண்டலின் ஜன்னல் பக்கம் திரும்பிக் காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தான். எவால்ட் என் பக்கம் திரும்பவில்லை. மூட்டையை இருக்கையில் வைத்தார், குழந்தையைப் படுக்கவைப்பதுபோல. பிறகு இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. கடைசியாகச் சின்னது.

வழக்கமாகத் தராசுகளின் திரையில் வரும் எண்களை அவர் சத்தமாகச் சொல்வார், நான் அட்டையில் எழுதுவேன். அன்று சொல்லவில்லை. "நீ போய் அடுப்பப் பாரு" என்றார். அடுப்பில் ஒன்றுமே இல்லை. வாசலில் நின்று பார்த்தேன். பென்சிலை எடுத்து அவரே எழுதினார், திரையை எங்கள் இருவருக்கும் தெரியாதபடி சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்துவிட்டு.

அன்றைக்கு அவர் வேலை செய்ததை சொல்லி மாளாது. நரம்பைக் கட்டினார், அளந்தார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். மூன்று மணி நேர வேலையை ஆறு மணி நேரம் செய்தார். நடுவில் முன்சக்கரங்களின் பக்கம் படுத்து வெகுநேரம் எதையோ திருகினார். சைக்கிளின் முன் கவை பின்னால் சாய்ந்திருக்குமே, அந்த மாதிரிச் சாய்வு காருக்கும் உண்டு. அது கூடினால் ஸ்டியரிங் கனக்கும், குறைந்தால் லேசாகும். வெண்டலின் எப்போதும் கனமாகத்தான் கேட்பான், லேசாக இருந்தால் ரோடு கையில் தெரியாது என்று.

எழுந்து வந்து எவால்ட் சொன்னார், "இந்த வருஷம் ஸ்டியரிங்க கொஞ்சம் லேசா வச்சிருக்கேன். எனக்குத் தோள்பட்ட வலி. ஓட்டிப் பாக்கணும்ல."

"உனக்கு வலிச்சா என் காரையா கெடுப்ப?" என்றான் வெண்டலின்.

"ஆமா. பிடிக்கலன்னா வேற ஆளப் பாரு."

"கெழவா, வேற ஆளு எங்க இருக்கான்?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். எவால்டுக்குத் தோள்பட்டையில் எந்த வலியும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

மதியம் உருளைக்கிழங்கு அடை சுட்டேன், ஆப்பிள் கூழோடு. வெண்டலின் தட்டில் வைத்த மூன்றையும் வெட்டி வெட்டி ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தான். நான் அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டு வருவதற்குள் தட்டு காலி. எவால்டின் வாய் நிறைந்திருந்தது. "ரெண்டு பேர் வேலை செஞ்சிருக்கேன்" என்றார்.

சாயங்காலம் எடை அட்டைகள் வைக்கும் பெட்டியைத் திறந்து அவன் அட்டையைப் பார்த்தேன். ஓட்டுகிறவர் எடை என்ற இடத்தில், எவால்டின் சதுரமான கையெழுத்தில், எண்பத்து நான்கு. அதற்குக் கீழே நான்கு சக்கரங்களின் எண்கள். கூட்டி, காரின் எடையைக் கழித்தேன். அறுபத்திரண்டு வந்தது. மறுபடி கூட்டினேன். அதுவேதான் வந்தது.

எவால்ட் ரிங் திறக்கிற நாளில் எங்கேயும் போகமாட்டார். கூட்டம் பிடிக்காது, கார்களின் சத்தத்தை வீட்டிலிருந்தே கேட்டு யாருடைய வேலை என்று சொல்லிவிடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "வா" என்றார். பிருன்ஷென் வளைவின் வேலிப் பக்கம் போய் நின்றோம். குளிர் எலும்பில் ஏறியது. பத்துப் பதினைந்து கார்கள் போயின. நான் ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஏதாவது ஆனால் அது என் நூலால் ஆனது என்றே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அவன் பாட்டுக்குப் போகட்டும், வேறு யாரும் அவன் வழியில் இல்லாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இப்படி வேண்டிக்கொள்வது சரியா என்றும் தெரியவில்லை. எவால்டின் இரண்டு கைகளும் வேலியின் மேல் கம்பியைப் பிடித்திருந்தன.

பச்சை கார் மேட்டிலிருந்து இறங்கிவந்தது. வேகமாக இல்லை. ஆனால் கோடு போட்டது மாதிரி வந்தது. பிரேக் போட்டபோது முகப்பு நேராகக் கீழே அமர்ந்தது, ஒரு பக்கமும் இழுக்கவில்லை. வளைவுக்குள் நுழைந்தது, வெளியே வந்தது. எங்களுக்கு நேராக வந்தபோது, முப்பது வருடத்தில் அந்த இடத்தில் ஒருமுறைகூட ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்காதவன், இடது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, விரல்களை விரித்து ஆட்டினான். அப்புறம் மரங்களுக்குப் பின்னால் போய்விட்டான். சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது.

"முன்பக்கம் நல்லா உக்காருது" என்றார் எவால்ட். தொப்பியை இறக்கிக் கண்ணுக்கு மேல் விட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை வெண்டலின் வந்து சொன்னான். எவால்ட் முழுவதையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டு, "அப்படியா" என்றார். மே மாதம் பதினோராம் தேதி அவனைப் புதைத்தோம். நல்ல வெயில். கார் மகளிடம் போயிற்று.

அதற்குப் பிறகு மூன்று மார்ச் போய்விட்டது. நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் அவரை ஏமாற்றினேன், அவர் ஏமாறவில்லை, அது இருவருக்கும் தெரியும். தப்பு செய்தோமா என்று கேட்க வேண்டும். அதைவிட, நன்றி சொல்ல வேண்டும். வாயைத் திறந்தால் உப்பை எடு, கதவைச் சாத்து என்றுதான் வருகிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி இருவருக்கும் தெரிந்து யாரும் பேசாத ஒன்று இருந்ததா? யார் முதலில் பேசினீர்கள்? என்ன சொல்லி ஆரம்பித்தீர்கள்? எனக்கு அந்த முதல் வாக்கியம் மட்டும் போதும். நீளமாக இருந்தாலும் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன். எவால்ட் இப்போது அடுத்த அறையில்தான் இருக்கிறார். ரேடியோவில் நாளைக்கு மழையா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கதவு பாதி திறந்திருக்கிறது, செருப்புப் போட்ட ஒரு கால் மட்டும் தெரிகிறது.