மைனரிடம் ‘வாரேன்’ என்று சொல்லாதீர்கள்

அயர்லாந்து அரசுக்கு மைனரின் மீதிருந்த ஐயங்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துவந்தன. அதன் கழுத்துத் தோலுக்கடியில் அரிசிமணியளவு சிப் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அதற்குப் பிறகுதான் வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட்டது. ஊசி முந்திக்கொண்டு சிப் பிந்தியிருந்தால் அந்த ஊசி போட்டதாகவே கொள்ளப்படாது. ஊசி உடம்பில் வேலை செய்கிறதா என்று அறிய அதன் இரத்தம் மட்டும் முன்கூட்டியே விமானமேறி, ஐரோப்பிய ஆய்வகம் ஒன்றில் தேறிவிட்டது. அதன்பின் சும்மா காத்திருக்க வேண்டிய மாதங்களும் பெரும்பாலும் கழிந்துவிட்டன. இடையில் ஒரே ஒரு குழப்பம் நேர்ந்தது. விண்ணப்பத்தில் ‘மைனர்’ என்ற பெயரைக் கண்ட சென்னை முகவர், குழந்தை தனியாகப் பயணம் செய்வதற்குப் பெற்றோரின் சம்மதக் கடிதம் எங்கே என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார். மைனருக்கு வால் உண்டு என்பதைப் படத்துடன் தெரிவித்த பின் அவர் அமைதியடைந்தார்.

படத்தை அனுப்பியவள் சரண்யாதேவி. செவிலியரான அவளுக்கு அயர்லாந்து மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. திருநகரில் அவளும் அம்மா தங்கப்பொண்ணும் குடியிருந்த வாடகை வீட்டைக் காலிசெய்துவிட்டு, அம்மா கோயம்புத்தூரில் தம்பி முகேஷோடு போய் இருப்பதென்று முடிவாகியிருந்தது. முகேஷின் அடுக்கக வளாகத்தில் நாய்களுக்கு இடமில்லை. ஆக, அக்காள் வெளிநாட்டுக்கும் அம்மா கோயம்புத்தூருக்கும் போன பிறகு மைனருக்கென்று உலகில் எஞ்சியிருக்கப்போவது தெரு ஒன்றுதான். டி. கல்லுப்பட்டிப் பேருந்து நிறுத்தத்தில் தன் கைப்பையின் வாரைத் தின்றுகொண்டிருந்த குட்டியைத் தூக்கிவந்தவள் சரண்யா. அதை மறுபடியும் தெருவில் விடுவதற்கு அவள் மனம் ஒப்பவில்லை. மைனருக்கு அனுமதி கிடைக்காவிட்டால் தானும் போகப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பயணக் கூண்டைச் செல்லூரில் பாண்டிராஜின் பட்டறையில் செய்யக் கொடுத்திருந்தார்கள். விசைத்தறி உதிரிப்பாகங்களுக்கு மரப்பெட்டி அடிப்பவர் அவர். உயிருள்ள சரக்குக்கு இதுவே முதல் முறை என்பதால் உற்சாகமாகவே இருந்தார். நாய் நிமிர்ந்து நின்றால் காது கூரையில் தட்டக் கூடாது என்பது விதி. மைனருக்கோ ஒரு காது நிமிர்ந்தும் மறுகாது மடிந்தும் இருக்கும். எந்தக் காதை அளப்பது என்பதில் நீண்ட விவாதம் நடந்தது. இறுதியில், வெளியே ஒரு லாரி ஒலியெழுப்பி இரண்டு காதுகளும் ஒருசேர எழுந்த கணத்தில் பாண்டிராஜ் அளவு நாடாவை நீட்டிச் சிக்கலைத் தீர்த்தார். கூண்டு மைனருக்குப் பிடித்துப்போனது. பழைய சேலை விரித்த அதன் தரையில் தானாகவே போய்ப் படுத்துக்கொண்டது.

எனவே கால்நடை மருத்துவர் நாகஜோதி வைத்த சோதனையில் அது தோற்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பயணத்தில் மயக்க மருந்து கொடுக்க அனுமதி கிடையாது. நாய் தன் நிதானத்தில் இருந்தாக வேண்டும். கூண்டுக்குள் மோதித் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் விலங்கை விமானத்தில் ஏற்றமாட்டார்கள். பூட்டிய கூண்டில் அது தனியே அமைதியாக இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பயணத்துக்குத் தகுதியான உடல்நிலை என்று கையெழுத்திடுவேன் என நாகஜோதி கூறியிருந்தார். மைனர் வாலை ஆட்டிக்கொண்டு கூண்டுக்குள் நுழைந்தது. சரண்யா தாழிட்டு, சொல்லிக்கொண்டு அறையைவிட்டு வெளியே வந்தாள். மறுகணம் உள்ளே மரம் பிளக்கும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தபோது கம்பிவலை வளைந்திருந்தது, மைனரின் மூக்கில் இரத்தம் கசிந்திருந்தது. காயத்துக்கு மருந்து போட்டுவிட்ட நாகஜோதி, இந்த நிலையில் தன்னால் கையெழுத்திட இயலாது என்று வருத்தத்துடன் சொன்னார். புறப்படும் நாளுக்கு முன் மறுபடி பார்க்கலாம் என்று ஒரு வழியையும் திறந்துவைத்தார்.

வீட்டில் எவ்வளவோ செய்துபார்த்தார்கள். தனிமைக்கு அஞ்சுகிறதென்றும் சொல்ல முடியவில்லை; நாளெல்லாம் வீட்டில் தனியாகக் கிடந்த நாய்தான் அது. கூண்டுக்கு அஞ்சுகிறதென்றும் சொல்ல முடியவில்லை. தாழிட்ட பின்னும் ஆட்கள் அருகில் இருந்தால் குறட்டை விட்டது. யாராவது வெளியே கிளம்பினால் மட்டும் கூண்டு குதித்தது. விடுப்பில் வந்திருந்த முகேஷுக்குப் பொறுமை போய்விட்டது.

“ஒரு நாய்க்காக வேலைய விடுவியாக்கா? கேக்குறவய்ங்க சிரிப்பாய்ங்க.”

“சிரிக்கட்டும். அப்ப நீ கூட்டிட்டுப் போறியா?”

முகேஷ் செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியேறினான். கோபத்தில் கதவை அறைந்து சாத்தியதில் சுவரிலிருந்த நாள்காட்டி விழுந்தது. கூண்டுக்குள் தாழிடப்பட்டிருந்த மைனர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

சரண்யா அந்த மூடிய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானும் பேசாமல் வெளியே போய்ப் பின்வாசல் வழியாகத் திரும்பிவந்தாள். நாய் அசையவில்லை. அம்மாவையும் அவ்வாறே போகச் சொன்னாள், அசையவில்லை. இறுதியாக, நின்ற இடத்திலிருந்து ஓர் அடிகூட நகராமல், சாதாரணக் குரலில் “வாரேன்” என்றாள். கூண்டு சுவர்வரை நகர்ந்தது.

தங்கப்பொண்ணு வாயில் கைவைத்துக்கொண்டாள். “அடப் பாவி. அவனக் கூப்பிடுறோம்னுல்ல நெனச்சுக்கிட்டு இருக்கான்.”

அதில் நாயின் பிழை எதுவும் இல்லை. அந்த வீட்டை விட்டு எவரும் ‘வாரேன்’ என்று சொல்லாமல் இறங்கியதில்லை. அப்படிச் சொல்லி இறங்கிய ஒவ்வொருவரையும் மைனர் தெருமுனைவரை கொண்டுபோய் விட்டுவந்தது. சரண்யா வேலைக்குக் கிளம்பினால் பேருந்து நிறுத்தம்வரை போகும். காப்பீட்டு முகவர் ஒருவர் சொல்லிக்கொண்டு கிளம்பியபோது திருப்பரங்குன்றம்வரை அவருடைய வண்டியைத் தொடர்ந்து ஓடியதும் உண்டு. சொல்பவருக்கு அது விடைபெறும் சொல். மைனருக்கோ அது அழைப்பு. அழைத்துவிட்டுக் கதவையும் பூட்டினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

காரணம் தெரிந்ததும் தீர்வு எளிதாகத் தோன்றியது. பயணம் முடியும்வரை அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்று சரண்யா அறிவித்தாள். தங்கப்பொண்ணு அன்று மாலையே திணறினாள். சொல்லிக்கொள்ளாமல் வாசல் தாண்டுவது அவளுக்குச் செருப்பில்லாமல் வெயிலில் நடப்பதுபோல் இருந்தது. அப்படியானால் ‘போறேன்’ என்று சொல் என்று முகேஷ் யோசனை கூறினான்.

“வாயக் கழுவுடா. எம்மக ஊருக்குக் கெளம்புற நேரத்துல இந்த வீட்டுல போறேன்னு எவ சொல்லுவா?”

ஆகவே அவள் திருடியைப்போல் ஓசையின்றி நழுவிக் கடைக்குப் போய்வரலானாள். தெருவுக்கும் தெரிவிக்க வேண்டியிருந்ததால், மைனரிடம் ‘வாரேன்’ என்று சொல்லாதீர்கள் என்று முகேஷ் ஓர் அட்டையில் எழுதிக் கம்பிக் கதவில் தொங்கவிட்டான். விளைவு வேறாக இருந்தது. யார் அந்த மைனர், வீட்டுக்கு மாப்பிள்ளை ஏதும் பார்த்திருக்கிறார்களா, அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் போனால் மரியாதையாக இருக்குமா என்று கேட்பதற்கென்றே பலர் படியேறினார்கள். கேட்டு முடித்ததும் பழக்கம் மாறாமல், அப்ப வாரேன் என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்கள்.

இரண்டாம் சோதனை நாகஜோதியின் மருத்துவமனையில் நன்றாகவே தொடங்கியது. சரண்யா தாழிட்டு மௌனமாக வெளியேறினாள். மைனர் படுத்தே இருந்தது. மருத்துவர் பேனாவைத் திறந்தார். அந்நேரம் அடுத்த அறையில், ஆட்டுக்குட்டிக்குக் கட்டுப்போட வந்திருந்த நல்லகாமன் என்ற விவசாயி வேலை முடிந்து, குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு எட்டிப்பார்த்து, “அப்ப வாரேன் டாக்டரம்மா” என்றார். கூண்டு அவரை நோக்கிப் பாய்ந்தது. நல்லகாமன் ஆட்டுக்குட்டியோடு மேசைமீது ஏறிவிட்டார்.

எல்லோரும் சிரித்து ஓய்ந்ததும் நிலைமையின் கடுமை புலப்பட்டது. உசிலம்பட்டிப் பக்கத்துக் குடியானவர் வீட்டில் பிறந்த நாகஜோதிக்கு இந்தச் சொல்லை ஊரிலிருந்து விலக்கவே முடியாதென்று தெரியும். சென்னை விமானநிலையச் சரக்குக் கூடத்தில் அப்படிப் பேசமாட்டார்களே என்றாள் சரண்யா. மருத்துவருக்கு அது நியாயமாகப் பட்டது. கூண்டருகே குனிந்து, சென்னை வழக்கில் “வரேன்” என்றார், நாய் பொருட்படுத்தவில்லை. “வர்றேன்” என்றார், கொட்டாவி விட்டது. முதல் எழுத்தைச் சற்றே நீட்டியதும் எழுந்து கூரையில் முட்டியது.

“எழுத்து சுத்தமாத்தான் படிச்சிருக்கான்” என்றார் நாகஜோதி. “ஆனா அங்க நம்ம ஊர்க்காரய்ங்க ஒருத்தராவது இல்லாமயா இருப்பாய்ங்க? ஒரு வாய் சொன்னாப் போதும், அம்புட்டுத்தான். இதை நம்பி நான் கையெழுத்துப் போட முடியாதும்மா.”

சரண்யா அலைபேசியை எடுத்து அயர்லாந்து மருத்துவமனையின் முகவரியைத் தேடினாள். வேலையில் சேரும் நாளைத் தள்ளிவைக்கக் கேட்கப்போகிறாளா அல்லது வேண்டாமென்றே எழுதப்போகிறாளா என்று தங்கப்பொண்ணுக்கு விளங்கவில்லை. மகளின் கையைப் பற்றிக் கீழே இறக்கினாள்.

“இருடி. அவன் மேல என்ன தப்பு? வாரேன் வாரேன்னு இத்தன வருசமாச் சொல்றோம். சொன்ன கையோட எவ வந்தா? அவந்தான் நம்ம கூட வந்தான். சொன்னா வரணும். வந்து காட்டுவோம்.”

மருத்துவர் யோசித்தார். இதுவும் ஒரு பயிற்சிமுறைதான் என்று ஒப்புக்கொண்டார். முதலில் கணப்பொழுதில் திரும்பிவர வேண்டும், பிறகு தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும் என்று வழிசொன்னார்.

அன்றிலிருந்து தங்கப்பொண்ணுக்கு மறுபடி வாய் திறந்தது. கூண்டுமுன் நின்று ‘வாரேன்’ என்பாள். மைனர் துள்ளுவதற்குள் நாற்காலியைச் சுற்றித் திரும்பிவந்து, வந்துட்டேன்ல என்று முகத்தைக் காட்டுவாள். நாற்காலி அடுப்படியாயிற்று, அடுப்படி வாசலாயிற்று, வாசல் மளிகைக் கடையாயிற்று. முதலில் மோதிய நாய் பிறகு முனகியது. முனகிய நாய் பிறகு கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கற்றது. கதவில் தொங்கிய அட்டையின் எழுத்துகளை அடித்துவிட்டு, ‘வாரேன் என்று சொல்பவர்கள் வரவும்’ என்று முகேஷ் புதிதாக எழுதினான். தெருவும் இதை விளையாட்டாக ஏற்றுக்கொண்டது. விடைபெற்றவர்கள் முனைவரை போய், நின்று, திரும்பிவந்து மைனருக்கு முகம் காட்டிவிட்டே மறுபடி கிளம்பினார்கள். வீட்டு உரிமையாளர்கூட எப்போது காலிசெய்வீர்கள் என்று கேட்டுவிட்டு இறங்கியவர், பாதி வழியில் நினைவு வந்து வண்டியைத் திருப்பினார். இரண்டாம் முறை வந்தவருக்குத் தங்கப்பொண்ணு காப்பி கொடுத்தாள்; காலிசெய்யும் பேச்சை அவர் அன்று மறந்தே போனார்.

இறுதிக்கட்டமாகத் தங்கப்பொண்ணு பேருந்தேறிச் செல்லூர்வரை போய், பாண்டிராஜிடம் வளைந்த வலைக்கு மாற்று வாங்கிக்கொண்டு வந்தாள். வெயிலில் களைத்துத் திரும்பியபோது மைனர் கூண்டுக்குள் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. வந்துவிட்டேன் என்று சொல்லித் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

மூன்றாம் சோதனையை நாகஜோதியே நடத்தினார். “வாரேன்” என்று உரக்கச் சொல்லிவிட்டு வெளியேறியவரை வழியிலேயே ஒரு சினைப்பசு பிடித்துக்கொண்டது. அவர் கைகழுவித் திரும்பும்வரை சரண்யா மூடிய கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. கதவைத் திறந்தபோது மைனர் வந்தவரை மேலும் கீழும் பார்த்தது; தாமதமாக வந்தாலும் வந்துவிட்டதை ஏற்றுக்கொண்டதுபோல் ஒருமுறை வாலைத் தரையில் தட்டியது. மருத்துவர் அங்கேயே, கூண்டின் கூரைமேல் தாளை வைத்துக் கையெழுத்திட்டார். பயணத்துக்குச் சற்றுமுன் கொடுக்க வேண்டிய நாடாப்புழு மாத்திரைக்கான நாளையும் குறித்துக்கொடுத்தார். சரண்யா படியில் உட்கார்ந்து சற்றுநேரம் அழுதாள். ஏன் அழுகிறாய், எல்லாம்தான் கிடைத்துவிட்டதே என்று முகேஷ் கேட்டதற்கு, அதனால்தான் என்றாள்.

புறப்படும் காலையில் கூண்டைச் சென்னை செல்லும் வேனில் ஏற்றினார்கள். முகேஷ் கூண்டருகே ‘வாரேன்’ என்று சொன்னான், மைனர் கண்ணை மூடியது. எதிர்வீட்டு மீனா சொன்னாள், அதற்கும் அப்படியே. தங்கப்பொண்ணிடம் வந்து சரண்யா, “வாரேம்மா” என்றாள். அம்மா அவள் தலையில் கைவைத்து, போயிட்டு வா என்றாள். எல்லோரும் சொல்லியாயிற்று. மைனர் கூண்டுக்குள் தலையை உயர்த்தித் தங்கப்பொண்ணைப் பார்த்தது.

“சொல்லும்மா, நேரமாகுது” என்றான் முகேஷ்.

“சொன்னா வரணும்லடா.”

ஓட்டுநர் வண்டியை முடுக்கினார். சரண்யா கண்ணாடியை இறக்கி அம்மாவைப் பார்த்தாள். தங்கப்பொண்ணு வேனின் பின்கதவருகே போய்க் கம்பிவலைக்குள் விரலை நுழைத்தாள். மைனர் அதை நக்கியது. “வாரேன்டா” என்றாள். மைனர் முன்கால்களின் மேல் தாடையை வைத்துக்கொண்டது.

வேன் திருமங்கலம் சாலையில் ஏறி மறைந்தது. தங்கப்பொண்ணு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே மகனிடம், பாஸ்போர்ட்டுக்கு எங்கே போக வேண்டும் என்று கேட்டாள். இன்று ஞாயிற்றுக்கிழமை, நாளைக்குத்தான் பார்க்க முடியும் என்றான் அவன். சரி, நாளைக்கே போவோம் என்று வீட்டுக்குள் நடந்தவள் வாசற்படியில் நின்று திரும்பினாள்.

“அங்க குளிரும்னாய்ங்களே, எம்புட்டுடா குளிரும்?”