குட்டை முன்னால், நெட்டை பின்னால்

“வரிசைக்கு ஒரு குச்சி நட்டு வச்சிருந்தேனே, அதெல்லாம் எங்கே? யாரு பிடுங்கச் சொன்னது?”

ரெஜினாவின் குரல் நிழல்வலைக் குடிலைத் தாண்டி, பாச்சலூர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த டீக்கடை வரைக்கும் போனது. குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசைக் கீழே வைத்தார்கள். நாலு வருஷமாக அந்தப் பெண் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசி ஊர் கேட்டதில்லை.

“கத்தாதீங்க டாக்டரம்மா. நாங்க என்ன களவாண்டுட்டா போயிட்டோம்?” மகாராணியும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. பண்ணைப் பெண்கள் பன்னிரண்டு பேருக்கும் அவள் வைத்ததுதான் சட்டம். இடுப்பில் செருகியிருந்த சின்னக் கட்டு ஒன்றை உருவி நீட்டினாள். ஐஸ் குச்சிகள். மண் போகக் கழுவி, காயவைத்து, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தாள். “எண்ணிப் பாத்துக்கங்க. ஒண்ணுகூடத் தொலையல.”

ரெஜினா குச்சிக் கட்டைப் பார்த்தாள், குடிலைப் பார்த்தாள். மூவாயிரத்து அறுநூறு கருப்புப் பைகள், பைக்கு ஒரு மலைவாழைக் கன்று. நேற்று மத்தியானம் வரைக்கும் அவை பன்னிரண்டு பிரிவாக நின்றன. ஒவ்வொரு பிரிவும் ஒவ்வொரு தாய்மரத்திலிருந்து எடுத்து, கண்ணாடி பாட்டிலில் வளர்த்து, பைக்கு மாற்றியது. எது எந்தத் தாயின் பிள்ளை என்று சொல்ல அந்தக் குச்சியை விட்டால் வேறு சாட்சி கிடையாது. இப்போது கன்றுகள் எல்லாம் உயரம் பார்த்து நின்றன. குட்டை முன்னால், நெட்டை பின்னால். பள்ளிக்கூடத்துப் பிரேயரில் பிள்ளைகளை நிறுத்துவார்களே, அச்சு அசல் அப்படி. கேட்டிலிருந்து பார்த்தால் பச்சைப் படிக்கட்டு ஏறுவது போல இருந்தது. மகாராணிக்கு அதில் பெருமை. காலையில் மேடம் வந்ததும் மெச்சுவார் என்று நினைத்து, வெள்ளனே வந்து காத்திருந்தவள் அவள்.

“இதுல ஏழாம் நம்பர் எது மகாராணி?”

“எது ஏழு, எது எட்டு? எல்லாம் வாழைதானே மேடம். வெள்ளிக்கெழமை சென்னையிலருந்து தலைவரு வாராரு, படம் புடிப்பாங்க, லட்சணமா நிக்கணும்னு சாருதான் சொன்னாரு. நாங்க பொழுது சாயற வரைக்கும் குனிஞ்ச முதுகு நிமுரலை.”

சார் என்றால் குமாரவேல், நிலையத்தின் பொறுப்பாளர். சென்னையில் யாரோ பெரிய மனிதர்கள் வைத்திருக்கும் அறக்கட்டளை ஒன்றின் பணத்தில் அந்த மலைவாழை ஆராய்ச்சி நிலையம் ஓடியது. ஓடியது என்பதைவிடத் தள்ளிக்கொண்டு போனார்கள் என்பதே சரி. ஜெனரேட்டரும் ஒன்று உண்டு. அதற்கு டீசல் உண்டா என்பதை அன்றன்றைக்குத்தான் பார்க்கவேண்டும்.

ரெஜினாவுக்குச் சொந்த ஊர் கொடைக்கானல். அம்மா ஒரு பள்ளிக்கூட விடுதியின் சமையல்கட்டில் முப்பது வருஷம் உழைத்துப் படிக்கவைத்தாள். மதுரையில் வைரஸ் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு இந்தக் கீழ்மலைக்கு வந்தபோது, டாக்டரம்மா வந்திருக்கிறார் என்று முதல் வாரமே ஏழெட்டுப் பேர் இருமலும் மூட்டுவலியுமாக வந்து நின்றார்கள். வாழைக்கு மட்டும்தான் பார்ப்பேன் என்று சொல்லி அனுப்புவதற்குள் அவளுக்கு வேர்த்துவிட்டது.

வேர்ப்பது அவளுக்கு உடம்போடு பிறந்தது. வாடகைக்கு அறை கொடுத்திருந்த கித்தேரியம்மாள் இதையெல்லாம் உன்னிப்பாகக் கவனித்து, கவனித்ததை நாலு வீட்டில் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவாள். காலையில் பூட்டிவிட்டுக் கிளம்புகிற பெண், கோயில் வளைவு வரைக்கும் போய்த் திரும்பி வந்து கேஸை அணைத்தோமா என்று பார்க்கும். மறுபடி போகும், மறுபடி வரும். மூன்றாவது தடவை பூட்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போகும். பூட்டைப் படம் பிடிக்கிற பெண்ணைக் கித்தேரியம்மாள் தன் அறுபத்தெட்டு வயசில் பார்த்ததில்லையாம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று கித்தேரியம்மாளுக்குத் தெரிய வழியில்லை. மார்புக்குள் யாரோ மிக்ஸியை ஓடவிட்டு, மூடியை இறுக்கி அமுக்கிக்கொண்டிருப்பது போல இருக்கும். கையுறைக்குள் விரல் ஊறிப் போகும். திண்டுக்கல்லில் ஒரு டாக்டர், இது பதற்ற நோய், மாத்திரையும் பழக்கமுமாகச் சமாளிக்கலாம் என்று சொல்லியிருந்தார். மாத்திரையை அவள் ஆய்வகத்தில் மாதிரி போட்டு வைக்கிற சின்னக் குப்பியில் போட்டு, ‘ஆர்’ என்று எழுதிப் பேனா டப்பாவில் வைத்திருந்தாள். டாக்டர் இன்னொரு வழியும் சொல்லிக்கொடுத்தார். எதைச் சரிபார்த்தாலும் நேரத்தோடு எழுதிவையுங்கள். எழுதிவிட்டால் திரும்பப் போகவேண்டாம் என்றார். ரெஜினா எழுதவும் செய்தாள், திரும்பப் போகவும் செய்தாள். கையில் எப்போதும் இருக்கிற நோட்டு ஆய்வக நோட்டு ஒன்றுதான். அதன் ஓரத்திலேயே எழுதினாள்.

அந்த நோட்டில்தான் ஏழாம் பிரிவின் கதையும் இருந்தது. மலைவாழைக்கு எமன் முடிக்கொத்து நோய். குருத்து விரியாமல் உச்சியில் கொத்தாகக் குறுகி நின்றுவிடும். அந்த மரம் குலை தள்ளாது. ஒரு மரத்துக்கு வந்தால் அசுவினிப் பூச்சி அடுத்த தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும். கன்று சின்னதாக இருக்கும்போது கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, சோதனையில்தான் தெரியும். ஏழாம் பிரிவை அவள் மூன்று தடவை சோதித்தாள். நோய் இருந்தால் விழுகிற கோடு இரண்டு தடவை மங்கலாக விழுந்தது. ஒரு தடவை விழவில்லை. அந்த மூன்று நாளும் கரண்ட் போய்ப் போய் வந்ததில் எந்த முடிவையும் நம்ப வழியில்லை. ஆகவே முந்நூறு பையையும் தனியாகத் தள்ளி வைத்துவிட்டு மறுபடி பார்க்கலாம் என்று இருந்தாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் புதுச் சோதனைப் பெட்டி வாங்க வத்தலக்குண்டுக்குப் பஸ் ஏறினாள். அந்தச் சாயங்காலம்தான் மகாராணி கூட்டம் கன்றுகளை உயரம் பார்த்து அடுக்கியது.

புதன்கிழமை பதினோரு மணிக்குக் குமாரவேல் தன் அறைக்கு எல்லோரையும் கூப்பிட்டார். ஆய்வக உதவியாளர் சுபஸ்ரீ ஒரு ஓரம், மகாராணி வாசற்படியில், இரண்டு எழுத்தர்கள் சுவரோரம். குமாரவேல் கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆஸ்துமாக்காரர். அவர் வேலையும் வருஷத்துக்கு வருஷம் நீட்டிப்பில்தான் ஓடியது. ரெஜினா சொன்னதை முழுக்கக் கேட்டார். ஏழாம் பிரிவு எல்லாவற்றோடும் கலந்துவிட்டது, இனி மூவாயிரத்து அறுநூறில் எதையும் நம்பி வெளியே விட முடியாது, மூன்று மாதம் வைத்து ஒவ்வொன்றாகச் சோதிக்கவேண்டும், இதுதான் அவள் சொன்னது.

“நோட்டைக் குடுங்க” என்றார்.

புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். ஃப்ரீசர் பூட்டினேன், 5.10. பூட்டினேன், 5.14. பூட்டினேன், கையால் இழுத்துப் பார்த்தேன், 5.21. எழுத்தர்களில் ஒருவர் சிரிப்பை அடக்கப் போய் இருமினார். சுபஸ்ரீ தன் செருப்பைப் பார்த்துக்கொண்டாள்.

“நான் தப்பா கேக்கல ரெஜினா. சுபஸ்ரீயும் சொல்லுச்சு, ஏதோ மாத்திரை எடுக்கறீங்கன்னு. நோயி செடிக்கா, உங்களுக்கா?”

அதே கேள்வியை ரெஜினா விடிகாலையிலிருந்து தனக்குத்தானே பதினைந்து தடவை கேட்டாயிற்று. பதிலும் வைத்திருந்தாள். எனக்கும் இருக்கிறது, செடிக்கும் இருக்கலாம், ஒன்று இருப்பதால் மற்றது இல்லை என்று ஆகிவிடாது. வாசகமாக இப்படிக் கோர்த்து வைத்திருந்ததுதான். கை நடுங்க ஆரம்பித்ததும், எல்லோரும் அந்தக் கையையே பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க அது இன்னும் ஆடியது. மேசைக்குக் கீழே ஒளித்தாள்.

“அடுத்த பக்கம் பாருங்க சார்” என்று மட்டும் வந்தது.

அடுத்த பக்கத்தில்தான் மூன்று சோதனைப் படங்களையும் ஒட்டியிருந்தாள், மங்கலான கோட்டைச் சிவப்பு மையில் வட்டமிட்டு. குமாரவேலின் கட்டைவிரல் அந்தத் தாளின் ஓரத்தில் கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் நோட்டை மூடினார்.

“மூணு மாசம் கழிச்சுச் செடி இருக்கும்மா. நிலையம் இருக்காது. தலைவர் வெறுங்கையோட திரும்பிப் போனாருன்னா அத்தோட சரி. நோயில்லைன்னு நீங்க கையெழுத்துப் போட வேணாம், விடுங்க. ரெண்டு நாளு லீவு எடுத்துக்கங்க.”

கையெழுத்துக்குத் தேவையே இல்லாமல் இருந்தது. திண்டுக்கல் அச்சகத்திலிருந்து பத்து நாளுக்கு முன்பே பிளாஸ்டிக் அட்டைகள் வந்து இறங்கியிருந்தன. நீல அட்டை, வெள்ளை எழுத்து. நோயற்ற மலைவாழைக் கன்று. சோதித்தவர்: முனைவர் அ. ரெஜினா. என் பெயரையாவது எடுத்துவிடுங்கள் என்று அவள் கேட்டபோது, பார்க்கிறேன் என்றார். மகாராணி கூட்டம் அன்று சாயங்காலமே கன்றுக்கு ஒன்றாகக் கட்டி முடித்துவிட்டது. சோலி என்று வந்தால் அவர்கள் வெரசாகத்தான் செய்வார்கள்.

வெள்ளிக்கிழமை அறக்கட்டளைத் தலைவர் வந்தார், பச்சைப் படிக்கட்டின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார், என்ன ஒழுங்கு, என்ன ஒழுங்கு என்று இரண்டு தடவை சொன்னார். பாச்சலூர், தாண்டிக்குடி, பெரும்பாறைப் பக்கத்து ஆட்கள் ஜீப் ஜீப்பாகக் கன்றுகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். பண்ணைப் பெண்களுக்கு ஆளுக்கு இருபது கன்று இனாம். ரெஜினா லீவில் இருந்தவள்தான், ஆனாலும் கேட்டுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு ஜீப் போகும்போதும் எழுந்தாள், உட்கார்ந்தாள். இரண்டு ஜீப்பை மறித்துப் பேசவும் பார்த்தாள். முதல் டிரைவர், லிஃப்ட் கேட்கிறாள் என்று நினைத்து இடமில்லை என்று கையைக் காட்டிவிட்டுப் போனான். இரண்டாவது வண்டி நிற்கவில்லை.

கடைசியில் மகாராணி இரண்டு கூடையும் தலையுமாக வெளியே வந்தாள். சண்டை போட்ட கோபம் இன்னும் ஆறவில்லை, ஆனாலும் நின்றாள்.

“மகாராணி, அதை நடாதீங்க.”

“ஏன் மேடம், நோயா?”

“இருக்கலாம்.”

“இருக்கலாம்னா? இருக்கா, இல்லையா?”

“தெரியல. மறுபடி பாத்தாத்தான் தெரியும்.”

மகாராணி கூடையை இறக்காமலே அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “படிச்சவங்க, மெசினு வச்சுப் பாக்கறவங்க, நீங்களே தெரியலன்னா நான் எங்க போயி கேப்பேன்? எங்க ஊட்டுக்காரரு குழி வெட்டிக் காத்துக்கெடக்காரு மேடம். இருக்குன்னு ஒரு சொல்லு சொல்லுங்க, இப்பவே இங்கன கொட்டிட்டுப் போறேன்.”

இரண்டு தடவை விழுந்தது, ஒரு தடவை விழவில்லை. இதை எந்தப் பக்கம் திருப்பினாலும் ‘இருக்கு’ என்று ஆகவில்லை. மகாராணி கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுச் சரிவில் இறங்கினாள். அந்த ‘இருக்கு’ என்ற சொல்லை ரெஜினா அப்புறம் பல நாள் பஸ் ஜன்னலோரத்தில் வாய்க்குள்ளே சொல்லிப் பார்த்தாள்.

அடுத்த மாதம் எல்லோருக்கும் நீட்டிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை. நோட்டு நிலையத்துச் சொத்து என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். அறையைக் காலி செய்த அன்று அவள் கேஸைப் பார்க்க நாலு தடவை வந்ததாகக் கித்தேரியம்மாள் கணக்கு.

பதினாலு மாதம் கழித்துப் பாச்சலூர்ச் சரிவில் குருத்துகள் குறுகின. முதலில் அங்கே இரண்டு தோட்டம், மழை முடிவதற்குள் பதினொன்று. தலைமுறையாய் நின்ற பழைய மரங்களுக்கும் பரவிற்று. அட்டையில் இருந்த பேரைப் படித்தவர்கள் அந்தப் பேரைத்தான் திட்டினார்கள். அந்தப் பொம்பளை எதையும் ஒழுங்காகச் சரிபார்க்காமல் விட்டுவிட்டது, பேருக்குப் படிப்பு என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். கித்தேரியம்மாளும் அதற்குத் தலையாட்டினாள். பூட்டு விஷயம் அந்த நேரத்துக்கு அவளுக்கு நினைவு வரவில்லை.

குமாரவேல் அதற்குள் சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் பதவி உயர்ந்து போய்விட்டார். மலைக்காற்று ஒத்துக்கொள்ளாத மனிதர், இப்போது நெஞ்சு தேவலை என்று கேள்வி. சுபஸ்ரீ ஓசூரில் வேலை பார்க்கிற மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு போனாள். கல்யாணப் பத்திரிகை ரெஜினாவுக்கும் போனது. ரெஜினாவுக்கு ஒத்தக்கடையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்து, பூ வைக்கிற அளவுக்குப் பேச்சு நடந்து, அப்புறம் நின்றது. மாத்திரை விஷயம் அவர்கள் காதுக்கு எப்படிப் போனது என்று கித்தேரியம்மாளுக்குத் தெரியவே தெரியாதாம். இப்போது ரெஜினாவுக்குத் திண்டுக்கல் பக்கம் ஒரு பால் பண்ணையில் பாலைச் சோதித்துச் சொல்கிற வேலை. அங்கே மூன்று தடவை பார்த்தால் மேலாளருக்குச் சந்தோஷமாம்.

மகாராணி எங்கேயும் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் நட்ட இருபதையும் புருஷனும் அவளுமாகக் கிழங்கோடு தோண்டிக் குவித்தார்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவதற்கு முன்னால் அவள் புருஷனைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னாள். பிளாஸ்டிக் எரிந்தால் நாற்றம் தாங்காது. குனிந்து நீல அட்டைகளை ஒவ்வொன்றாக அறுத்தெடுத்தாள். மண் போகக் கழுவி, எண்ணி, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினாள். இருபதும் இருந்தது, ஒன்றுகூடத் தொலையவில்லை. யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் சுவர் ஆணியில் மாட்டி வைத்தாள்.