கூலரின் நான்காவது கால்

மூன்றாவது முறையும் கம்ப்யூட்டர் அணைந்தபோது மதியம் மணி மூன்று ஐந்து. பொத்தானை அழுத்தினால் காற்றாடி சுற்றும், திரையில் கம்பெனியின் பெயர் வரும், பாஸ்வேர்டு கேட்கும் கட்டம் வரும். நான்கு நிமிடம்கூட ஆகாது, காற்றாடி ஊளையிட ஆரம்பித்து எல்லாம் பொசுக்கென்று போய்விடும். அடுத்த அறையில் என் மனைவி இளமதி தூங்கிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவளுக்கு ஷிஃப்ட். நாலரைக்கு எழுப்பச் சொல்லியிருந்தாள்.

ஆலங்குடியில் பதினைந்து வருடமாக பைக் மெக்கானிக் நான். வீட்டை ஒட்டியே பட்டறை. ஆயுத பூஜை என்றால் ஸ்பேனர், திருப்புளி, கட்டிங் பிளேயர் ஒன்றுவிடாமல் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துப் படையலில் அடுக்கிவிடுவேன். இன்று காலையில் அந்த வேலை முடிந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. இரவெல்லாம் வீட்டிலிருந்தபடியே கம்பெனிக்காக அமெரிக்க ஆஸ்பத்திரி பில்களைப் பார்த்துவிட்டு விடியற்காலையில் படுத்த இளமதி தூங்கிக்கொண்டிருக்க, மேசைக்கு அடியில் அவளுடைய கம்ப்யூட்டர் தூசியோடு நின்றது. அதுவும் சோறு போடுகிற ஆயுதம்தானே என்று இழுத்து வைத்துத் திறந்தேன். யார் கேட்டார்கள் என்னை?

உள்ளே ஒரு காற்றாடி, அதற்குக் கீழே அலுமினியத் தகடுகள். மொத்தமும் பஞ்சாகத் தூசி. நான்கு மூலையிலும் நான்கு பிளாஸ்டிக் கால்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் அம்புக்குறி. திருப்பிக் கழற்றி எடுத்தால், அடியில் இருந்த சிப்பின் மேல் சாம்பல் நிறத்தில் ஏதோ காய்ந்துபோய் அப்பியிருந்தது. காய்ந்த கிரீஸைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டு வருகிற ஜாதி இல்லை நான். மண்ணெண்ணெய்த் துணியால் பளபளவென்று துடைத்து, வீல் பேரிங்குக்குப் போடும் கிரீஸை நல்லதாக ஒரு விரல் எடுத்துத் தடவினேன். காற்றாடியை மேலே உட்காரவைத்து, அம்புக்குறி காட்டிய பக்கமே நான்கு கால்களையும் இறுக்கித் திருப்பினேன். பெட்டியை மூடி, மேலே மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம் வைத்து அதையும் படையலில் சேர்த்தேன்.

மதியம் பூஜைக்கு எழுந்து வந்த இளமதி படையலில் அதைப் பார்த்துவிட்டு நின்றாள். "என் மிஷினுக்குமாங்க வச்சீங்க?" என்று கேட்டாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து ஒரு வருடம் இருக்கும். பொரி கடலையை இரண்டு வாய் போட்டுக்கொண்டு, மறுபடி போய்ப் படுத்துவிட்டாள். சாயங்காலம் அவளுக்கு வேண்டுமே என்று நானும் பெருமையாகப் பெட்டியை மட்டும் எடுத்து மேசைக்குக் கீழே வைத்து, ஒயர்களை மாட்டி, சும்மா ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

பெட்டி கம்பெனியுடையது. போன மாதம் மழையில் இரண்டு நாள் நெட் போய் அவளால் லாகின் பண்ண முடியவில்லை. திருச்சி ஆபீஸிலிருந்து அவளுடைய மேனேஜர் ஷர்லி மேடம் போனில் பேசினார். இன்னொரு தடவை இப்படி ஆனால் வீட்டிலிருந்து வேலை என்பது கிடையாது, ஆபீஸுக்கு வந்து பார், இல்லாவிட்டால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு இளமதி அழுதாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். "தொலையட்டும் விடு. ராத்திரி பூரா அதுகூடயே குடும்பம் நடத்துற. ஒரு நா இல்லாட்டி ஒரு நா இந்தப் பொட்டியத் தூக்கிக் கொளத்துல வீசிருவேன், பாத்துக்க" என்று கத்தினேன். தெருவில் போனவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

இப்போது அந்தப் பெட்டி என் கையாலேயே செத்துக் கிடக்கிறது. நான் வேண்டுமென்றே செய்யவில்லை என்று யார் நம்புவார்கள்? அவள் நம்புவாளா? வேலை போனால் வேறு வேலை தேடலாம். அவள் மனதில் அந்தச் சந்தேகம் விழுந்துவிட்டால் எங்கே போய்த் தேடுவது?

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் சிவபிரகாஷின் வீட்டுக்கு ஓடினேன். சொன்னதைக் கேட்டதும் அவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"கிரீஸாண்ணே? பேரிங் கிரீஸா?"

"சிரிக்காதப்பா. ஒரு எட்டு வந்து பாத்துரு."

"ஸ்க்ரூடிரைவர் மொதக்கொண்டு படையல்ல இருக்குண்ணே. நாளைக்கு மறுபூஜை போட்டுத்தான் தொடுவேன். ஒங்களுக்குத் தெரியாததா?"

தெரியாமல் என்ன. நானே போன வருடம் பஞ்சரோடு வந்த ஒரு ஆளை இதே வார்த்தை சொல்லி வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வைத்தவன். என் முகத்தைப் பார்த்து அவனுக்கே பாவமாகிவிட்டது. உள்ளே போய் ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்றை எடுத்துவந்தான். அதில் சாம்பல் நிறப் பசை.

"அடியில இருக்குற பிராசசர் சூட்ட அந்தக் காத்தாடிக் கூலருக்குக் கடத்துறது இதுதாண்ணே. கிரீஸச் சுத்தமா வழிச்சுட்டு, துவரம்பருப்பு அளவு நடுவுல வைங்க. போதும். அப்பறம் அந்த அம்புக்குறி கழட்டுறதுக்கு. அதுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வச்சிட்டு, குறுக்க குறுக்க அமுக்குங்க. நாலு காலும் டிக்குன்னு சத்தம் குடுக்கணும். ஒரு கால் ஏறலன்னாலும் மறுபடி இதே கததான்."

வீட்டுக்கு வந்தபோது மூன்று நாற்பத்தைந்து. படையலின் முன்னால் போய் நின்றேன். பதினைந்து வருடத்தில் ஒரு தடவைகூட என் ஆயுதம் ஒன்றையும் மறுபூஜைக்கு முன் எடுத்ததில்லை. சாமி கண்ணைக் குத்திவிடும் என்று பயப்படும் ஆளில்லை என்றாலும் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டேன். திருப்புளியை எடுத்துச் சந்தனத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன். பக்கத்து அறையில் கட்டில் கிரீச்சிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புரண்டு படுத்திருக்கிறாள்.

கிரீஸை வழித்தேன். பசையைத் துவரம்பருப்பு அளவு வைத்தேன். கால்களை அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைத்து, கூலரை நேராக இறக்கி முதல் காலை அமுக்கினேன். டிக். குறுக்கே இருந்த காலும் டிக். மூன்றாவதும் ஏறிவிட்டது. நான்காவது ஏறவில்லை. அமுக்க அமுக்க அடியில் இருந்த பச்சைப் பலகை வளைந்தது. இன்னும் ஒரு அமுக்கு அமுக்கினால் படக்கென்று உடைந்துவிடும் போல இருந்தது. துருப்பிடித்த போல்ட்டைச் சுத்தியலால் தட்டிக் கழற்றுகிற கை இது. எவ்வளவு பலம் போடலாம் என்று அதற்குத் தெரியவில்லை. விட்டு விட்டு அமுக்கினேன். பலகை முனகியது. கையை எடுத்துவிட்டேன்.

"என்ன பண்றீங்க?"

வாசற்படியில் இளமதி நின்றிருந்தாள். தலைமுடிகூட முடியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். தூசி, கிரீஸ், அம்புக்குறி, சிவபிரகாஷ் என்று நாக்கு குழறியது. அவள் கீழே கிடந்த துணியைப் பார்த்தாள், திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள், சுவரில் மணியைப் பார்த்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"தெரியாமத்தான செஞ்சீங்க?"

உடனே ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். தெரியாமல்தான் செய்தேன், சத்தியமாக. ஆனால் அந்தப் பெட்டி முதல் தடவை அணைந்தபோது, பயம் வருவதற்கு முன்னால், இன்று இரவு இவள் இதன் முன்னால் உட்கார மாட்டாள் என்று ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அது அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

"ஆமா மதி. தெரியாமத்தான்."

தாமதமாகிவிட்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னை விலகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டுப் பெட்டியின் முன் மண்டியிட்டாள். நான்காவது காலில் இரண்டு கட்டை விரல்களையும் வைத்தாள்.

"ஒடஞ்சிரும், மெதுவா... மதி, ஒடஞ்சிரும்."

அவள் காதிலேயே வாங்கவில்லை. பலகை வளைந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். டிக்கென்று சத்தம் கேட்டது.

பெட்டியை மூடி மேசைக்கு அடியில் நிறுத்தி, ஒயர்களை மாட்டி, பொத்தானை அழுத்தினாள். கம்பெனி பெயர் வந்தது, பாஸ்வேர்டை அடித்து உள்ளே போனாள். நான்கு நிமிடம் ஆனது, ஐந்து ஆனது, பத்தும் ஆனது. காற்றாடி ஒரே சீராகச் சுற்றியது. எனக்கு அழுகை வந்தது. "அணையல பாத்தியா, ஒண்ணும் ஆகல" என்றேன். அவள் போனை எடுத்து யாருக்கோ அடித்தாள்.

"ஷர்லி மேடம், இளமதி பேசுறேன். இன்னைக்கு முன்னாடியே லாகின் பண்ணிட்டேன் மேடம், பிரச்சனை ஒண்ணுமில்ல. இல்ல மேடம், வந்து... திருச்சியில வேல பாக்குற பொண்ணுங்களுக்கு ஆபீஸ் பக்கத்துலயே ஹாஸ்டல் இருக்குன்னு சொன்னீங்கள்ல. அதப் பத்திக் கொஞ்சம் சொல்றீங்களா?"

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை "சரிங்க மேடம்" என்றாள். பிறகு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள்.

"மதி" என்று கூப்பிட்டேன். கேட்டிருக்காது. திரையின் வெளிச்சத்தில் அவள் விரல்கள் வேகமாக ஓடிக்கொண்டிருந்தன. மேசைக்கு அடியில் வலது காலை நீட்டிப் பெட்டியைத் தன் பக்கமாக இழுத்து, சுவருக்கும் தனக்கும் நடுவே நிறுத்திக்கொண்டாள். அதன் மேல் வைத்த பாதத்தை அவள் எடுக்கவே இல்லை.